திறந்து வைத்தால் போதுமா?

தமிழில் நாணயம் என்னும் ஒரே சொல் காசையும் குறிக்கும். காசைக் கையாளுகிறவனின் நேர்மையையும் குறிக்கும். ஒருவரை நாணயமானவர் என்று சொன்னால் அவரிடம் பணம் மிகுதி என்று நாம் பொருள் கொள்வதில்லை; வாங்கியதைச் சொன்னபடி திருப்பிக் கொடுப்பவர் என்றே கொள்கிறோம். அரபு மொழியில் காசுக்குக் காசு மாற்றும் வியாபாரத்திற்கு ஸர்ஃபு என்று பெயர். அதைச் செய்பவர் ஸர்ராஃப். அந்தச் சொல்தான் நம் கடைவீதிகளில் சராப் என்று வழங்கலாயிற்று. சராபின் மேசை முன் நிற்பவன் தன் காசைக் கொடுத்துவிட்டான். மாற்றுக் காசு இன்னும் கைக்கு வரவில்லை. இடையில் கழிகிற அந்தச் சில விநாடிகளில்தான் அந்த வியாபாரத்தின் நம்பிக்கை முழுவதும் தங்கியிருக்கிறது.

கணினி வழியே டோக்கன்களை மாற்றிக்கொள்ளும் புதுவகைச் சந்தைகளில் இந்த இடைவெளி விநாடிகளாக இருக்கவில்லை, மாதக்கணக்கில் நீண்டது. வாடிக்கையாளர்கள் தங்கள் இருப்பைச் சந்தை நடத்துகிறவர்களிடமே விட்டு வைத்தார்கள். டோக்கியோவிலிருந்து இயங்கிய மவுண்ட் காக்ஸ் என்னும் நிறுவனம் 2014 பிப்ரவரியில் திவாலானபோது சுமார் 8,50,000 பிட்காயின்களைக் காணவில்லை என்றது. அவற்றில் ஏறக்குறைய 2,00,000 பின்னர் அகப்பட்டன. எஃப்.டி.எக்ஸ் நிறுவனம் 2022 நவம்பரில் விழுந்தது. வாடிக்கையாளர்கள் ஒப்படைத்த பணம் நிறுவனரின் இன்னொரு வியாபாரத்திற்குப் போயிருந்தது. சாம் பாங்க்மன் ஃப்ரைட் என்னும் அந்த நிறுவனருக்கு 2024 மார்ச்சில் 25 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அமானத்தாக வந்த பொருளைத் தன் தொழிலில் போட்டுப் பார்த்த கதை இது. உலகில் எத்தனையோ முறை நடந்ததுதான். கணினி வந்ததால் தொகை மட்டும் பெருத்துவிட்டது.

இந்த நோய்க்கு மருந்தாகச் சிலர் ஒரு வழியைக் கண்டார்கள். அமானத்தை ஏற்பவரே இல்லாமல் செய்துவிட்டால் மோசடி செய்ய யார் இருப்பார் என்று அவர்கள் எண்ணினார்கள்.

இது நடப்பது எதீரியம் என்னும் பொதுக் கணக்கேட்டின் மேல். 2015இல் தொடங்கிய அந்தக் கணக்கேட்டை ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே மாதிரி எழுதி வைத்துக்கொள்கின்றன. எனவே ஒருவர் தனியாக அதில் திருத்தம் செய்ய முடியாது. வெறும் வரவு செலவு மட்டுமன்றிச் சிறு நிரல்களையும் அதில் எழுதி வைக்கலாம். எழுதிய பிறகு அந்த நிரல் எழுதியபடியே நடக்கும். 2017இல் வில் வாரன், அமீர் பந்தியாலி ஆகிய இருவர் ஜீரோ எக்ஸ் என்னும் திறந்த மூல நெறிமுறையை வெளியிட்டனர். விலை கூறுவது கணக்கேட்டிற்கு வெளியே நடக்கும். கைமாறுவது மட்டும் ஏட்டில் நடக்கும். மறு ஆண்டு, 2018 நவம்பர் 2ஆம் தேதி, ஹேடன் ஆடம்ஸ் என்பவர் யுனிஸ்வாப் என்பதைத் தொடங்கினார். அவர் இயந்திரப் பொறியியல் படித்தவர். வேலை போன பிறகு நிரல் எழுதக் கற்றவர். எதீரியத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான விட்டாலிக் புட்டரின் முன்பே வெளியிட்டிருந்த ஒரு யோசனையைக் கைக்கொண்டு, விலை கூறுகிறவரும் வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்.

எப்படி என்று வாசகர்கள் கேட்கலாம். கணக்கு மிக எளியது. ஒரு பொது இருப்பில் முத்து என்னும் டோக்கன் 10, பவளம் என்னும் டோக்கன் 1,000 இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம் (பெயர்கள் நாம் இட்டவை). இரண்டையும் பெருக்கினால் 10,000. எவர் எதைப் போட்டு எதை எடுத்தாலும் இந்தப் பெருக்குத்தொகை குறையக்கூடாது, சட்டம் அவ்வளவே. ஒருவர் 250 பவளம் போட்டால் இருப்பில் பவளம் 1,250 ஆகிறது. முத்து 8 மீதி இருந்தால் போதும். ஆகவே அவருக்கு 2 முத்து கிடைக்கும். பேரம் இல்லை, தரகர் இல்லை. எடுக்க எடுக்க விலை தானே ஏறும். போடப் போட இறங்கும். பொது இருப்பில் பொருளைப் போட்டு வைத்தவர்களுக்கு ஆரம்பத்தில் ஒவ்வொரு மாற்றிலும் 0.3 சதவீதம் கட்டணமாகப் போய்ச் சேர்ந்தது.

இங்கே நாம் மெச்ச வேண்டிய ஒன்று உண்டு. இந்த நிரலில் கொடுப்பதும் வாங்குவதும் ஒரே செயலாக நடக்கும். அல்லது இரண்டுமே நடக்காது. ஒன்று நடந்து மற்றது நிலுவையில் நிற்க வழியில்லை. பொன்னையும் வெள்ளியையும் மாற்றும்போது கைக்குக் கை, ஒரே மஜ்லிஸில் மாற்றிக்கொள்ள வேண்டும், கடன் வைக்கக்கூடாது என்பது ஃபிக்ஹு நூல்களில் ஸர்ஃபு பாடத்தின் முதல் நிபந்தனை. அந்த நிபந்தனை எந்த இடைவெளியை அடைக்க எழுந்ததோ அந்த இடைவெளியை இந்த நிரல் இயந்திரத்தின் மூலம் அடைத்திருக்கிறது. எழுதியவர்கள் நம் நூல்களைப் பார்த்து எழுதியவர்கள் அல்லர் என்பதும் சொல்ல வேண்டியதில்லை.

உடனே ஒரு கேள்வி எழும்: அப்படியானால் இந்த டோக்கன் வியாபாரம் ஹலாலா? அதற்குள் நாம் இங்கே நுழையவில்லை. எகிப்தின் முஃப்தி 2018இல் பிட்காயினைக் கூடாது என்றார். மலேசியப் பங்குப்பத்திர ஆணையத்தின் ஷரீஅத் ஆலோசனைக் குழு 2020இல், பதிவு பெற்ற சந்தைகளில் கொள்கையளவில் ஆகுமானது என்றது. இந்தோனேசிய உலமா சபை 2021இல் நாணயமாகப் பயன்படுத்துவது ஹராம் என்றது. டோக்கன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை. அதை ஆலிம்களிடம் கேட்டறிய வேண்டும். நாம் பேச வந்தது வேறு. அமானத்தை ஏற்பவர் நீங்கிவிட்டார், சரி. குறையைச் சொல்ல வேண்டிய கடமையும் அவரோடு நீங்கிவிட்டதா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட நிகழ்ச்சி நம் வாசகர்கள் அறிந்ததே. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்பதே அவருக்குக் கிடைத்த கேள்வி. நனைந்தது குற்றமாகவில்லை, அடியில் இருந்ததே குற்றமாயிற்று.

திறந்த மூல நிரலை எழுதுகிறவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். எங்கள் குவியலுக்கு அடி என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு வரியையும் உலகத்தின் முன் பரப்பி வைத்திருக்கிறோம். விரும்பியவர் படித்துக்கொள்ளலாம் என்பது அந்தப் பதில். ஆனால் அந்த வரிகள் சாலிடிட்டி என்னும் கணினி மொழியில் உள்ளன. இருப்பில் பொருள் போடுகிறவர்களில் அதைப் படிக்கத் தெரிந்தவர் சிலரே. ஈரமான தானியம் மேலேதான் இருக்கிறது. பார்க்கும் கண் நூற்றில் ஒருவருக்குக் கூட இல்லை என்றால் அது மேலே வைத்ததாகுமா? வாங்குகிறவர் புரிந்துகொள்ளும்படி சொல்வதுதான் சொல்வது. காட்டியாயிற்று என்பதும் சொல்லியாயிற்று என்பதும் வேறு வேறு என்றே நாம் கருதுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. திறந்த மூல உரிமங்களில் ஒரு வாசகம் பெரும்பாலும் பெரிய எழுத்துகளில் இருக்கும். இது உள்ளது உள்ளபடியே தரப்படுகிறது. எந்த உத்தரவாதமும் இல்லை. நஷ்டத்திற்கு எழுதியவர் பொறுப்பல்லர் என்பது அதன் சாரம். நம் மத்ஹபுகளில் இது பழைய விவாதம். எல்லாக் குறைகளுக்கும் நான் பொறுப்பல்ல என்று நிபந்தனையிட்டு ஒருவர் விற்கலாமா? செல்லும் என்பது ஹனஃபி மத்ஹபு. குறைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாவிட்டாலும் செல்லும். ஷாஃபிஈ மத்ஹபில் அவ்வளவு இடமில்லை: கால்நடை போன்ற உயிருள்ளவற்றில், விற்பவருக்கே தெரியாத உள்குறைகளுக்கு மட்டும் அந்த நிபந்தனை பயன்படும், தெரிந்த குறைக்குப் பயன்படாது. நம் நாட்டில் இரு மத்ஹபினரும் அடுத்தடுத்த ஊர்களில் இருக்கிறோம். எனவே இந்த வேறுபாடு புதிதல்ல. இதற்கு மூலமாகச் சொல்லப்படும் வழக்கு ஒன்று முவத்தாவில் இருக்கிறது. இப்னு உமர் (ரலி) அவர்கள் பொறுப்பற்ற நிபந்தனையோடு ஓர் அடிமையை 800 திர்ஹத்திற்கு விற்றார்கள். வாங்கியவர் நோய் இருக்கிறது என்று முறையிட்டார். வழக்கைக் கேட்ட ஹழ்ரத் உதுமான் (ரலி) அவர்கள், விற்றபோது அந்த நோயைத் தாம் அறிந்திருக்கவில்லை என்று சத்தியம் செய்யுமாறு இப்னு உமரைக் கேட்டார்கள். அவர்கள் சத்தியம் செய்ய இசையாமல் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நிபந்தனை எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்ததோடு கலீபா நிற்கவில்லை; உனக்குத் தெரியுமா என்று நெஞ்சைக் கேட்டார்கள்.

இப்போது அண்மையில் நடந்த ஒன்றைப் பார்ப்போம். பாலன்சர் என்னும் இதே வகைச் சந்தையிலிருந்து 2025 நவம்பர் 3ஆம் தேதி 12 கோடி டாலருக்கும் மேற்பட்ட மதிப்பு களவாடப்பட்டது. பூட்டு உடைக்கப்படவில்லை. கணக்கில் வரும் பின்னத்தை எந்தப் பக்கம் முழுமையாக்குவது என்பதில் ஒரு சிறு வழு இருந்தது. ஒரு மாற்றில் அதனால் போகும் தொகை கண்ணுக்கே தெரியாது. கடுகில் ஒரு துகள். ஒருவன் இருப்பை வேண்டுமென்றே மிகச் சிறு அளவுக்குக் கொண்டுவந்து, அந்தத் துகள் பெரிதாகத் தெரியும்படி செய்து, ஒரே நடவடிக்கைக்குள் திரும்பத் திரும்ப மாற்றி அள்ளிக்கொண்டான். தராசு முள்ளில் ஒரு மயிரிழை. அளவையில் குறைப்பவர்களின் பெயரால் திருக்குர்ஆனில் ஒரு சூராவே இருப்பது நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் இங்கே குறைத்தவர் யார்? எழுதியவர்களா? அந்த நிரலின் இரண்டாம் பதிப்பு 2021 முதல் எல்லார் கண்முன்னும் கிடந்தது. தணிக்கையாளர்கள் பலமுறை பார்த்திருந்தார்கள். ஒருவரும் காணவில்லை, கண்டவன் சொல்லவில்லை. ஷாஃபிஈ மத்ஹபின் அளவுகோலை உவமையாக வைத்துப் பார்த்தால் எழுதியவர்கள் அறியாத உள்குறை இது. அவர்கள்மேல் பழி சுமத்த நாம் துணியமாட்டோம்.

அதே பாலன்சரில் 2023 ஆகஸ்டில் நடந்தது இன்னும் சிக்கலானது. எழுதியவர்களுக்குச் சில இருப்புகளில் ஒரு பெரிய குறை இருப்பது தெரியவந்தது. அவர்கள் மறைக்கவில்லை. 22ஆம் தேதி பகிரங்கமாக அறிவித்து, குறிப்பிட்ட இருப்புகளில் பொருள் வைத்திருப்பவர்கள் உடனே எடுத்துவிடுமாறு கேட்டுக்கொண்டார்கள். குறை எங்கே, எப்படி என்பதை மட்டும் சொல்லவில்லை. பலர் எடுத்துக்கொண்டார்கள். எடுக்காமல் விட்டவர்களிடமிருந்து ஐந்தே நாளில் ஏறக்குறைய 9 லட்சம் டாலர் களவு போயிற்று.

தானியக் குவியலோடு ஒப்பிட்டால் வேறுபாடு இங்கேதான் வருகிறது. ஈரத்தை மேலே வைத்தால் அதனால் எவரும் திருடனாவதில்லை. பூட்டின் குறையை உரக்கச் சொன்னால் வீட்டுக்காரனும் கேட்பான், கள்ளனும் கேட்பான். சொல்லாமலிருந்தால் வஞ்சனை, முழுவதும் சொன்னால் கள்ளனுக்கு வழிகாட்டல். குறை உண்டு என்பதையும் யாருக்கு என்பதையும் சொல்லி, எப்படி என்பதை நிறுத்தி வைத்த அந்தச் செயல் நமக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் சாதாரண சராபு ஒருவர் தன் வாடிக்கையாளர்கள் வீட்டுக்கு ஆளனுப்பியிருப்பார். முகவரி மட்டும் தெரிந்து மனிதனைத் தெரியாத சந்தையில் ஆளனுப்ப முடியாது. அறிவிப்பைப் பார்க்காதவர் பார்க்காதவரே.

குறை நிரலில் இல்லாமல் சந்தையின் அமைப்பிலேயே இருப்பதும் உண்டு. ஒருவர் மாற்றச் சொல்லி அனுப்பும் கோரிக்கை கணக்கேட்டில் ஏறுவதற்கு முன் சில விநாடிகள் பொது வரிசையில் காத்திருக்கும். அதை எவரும் பார்க்கலாம். நாம் முன்பு சொன்ன இருப்பையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் 250 பவளம் போடப்போகிறார் என்று வரிசையில் கண்ட இன்னொருவன், கூடுதல் கட்டணம் கொடுத்து முன்னே புகுந்து, தானே 250 போட்டு 2 முத்தை எடுத்துவிடுகிறான். விலை ஏறிவிட்டது. பின்னால் வந்தவருக்கு அதே 250க்கு ஏறக்குறைய 1.33 முத்துதான் கிடைக்கிறது. அடுத்த கணம் முன்னவன் தன் 2 முத்தைத் திரும்பப் போட்டு 346 பவளம் அளவில் எடுத்துக்கொள்கிறான். (கட்டணத்தை நாம் கணக்கில் சேர்க்கவில்லை.) ஏறக்குறைய 96 பவளம் லாபம்; உழைப்பு ஏதுமில்லை. எவ்வளவு விலை ஏறினால் பேரம் ரத்தாக வேண்டும் என்று வாடிக்கையாளர் எல்லை வைக்கலாம். தளர்த்தி வைத்தவர்தான் இப்படி அகப்படுவார். இருபுறமும் நெருக்கி நடுவில் இருப்பவரைத் தின்பதால் இதற்குச் சாண்ட்விச் என்றே பெயர்.

நிரல் இதைத் தடுக்கவில்லை. ஆகவே இது கூடும் என்பது இதைச் செய்பவர்களின் வாதம். சந்தைக்கு வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியே போய் எதிர்கொண்டு சரக்கை வாங்குவது தடுக்கப்பட்டிருக்கிறது. ஏமாந்தவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்தால் அந்த விற்பனையை முறித்துக்கொள்ள உரிமையும் தரப்பட்டிருக்கிறது. பாதை பொதுப்பாதைதான். அங்கே நடப்பதை எந்த மதிலும் தடுக்கவில்லை. இரண்டும் அச்சாக ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறோம். அங்கே வணிகருக்கு விலை தெரியாது; இங்கே வணிகரின் எண்ணமே மற்றவனுக்குத் தெரிந்துவிடுகிறது. எனினும் வழி திறந்திருந்தது என்பதை அனுமதியாகக் கொள்ளும் வாதம் இரண்டிற்கும் பொது.

அந்த வாதம் செய்கிறவர்களே அதற்கு இரையான கதையும் உண்டு. 2023 ஏப்ரலில் இத்தகைய சாண்ட்விச் நிரல்களைப் பொறியில் சிக்கவைத்து, சுமார் 12 விநாடிகளில் 2.5 கோடி டாலர் எடுத்துக்கொண்டதாக அமெரிக்காவில் சகோதரர்கள் இருவர்மேல் வழக்குத் தொடரப்பட்டது. ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வர இயலாமல் 2025 நவம்பரில் அந்த விசாரணை முறிந்தது. எங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று முறையிட்டவர்கள் யார் என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள்.

எழுதியவர்களின் பொறுப்புப் பற்றி நியூயார்க் நீதிமன்றம் ஒன்றும் சொல்லியிருக்கிறது. யுனிஸ்வாபில் எவரும் தன் டோக்கனைக் கொண்டுவந்து இருப்புத் தொடங்கலாம். அப்படி வந்த போலி டோக்கன்களில் பணம் இழந்தவர்கள், சந்தையை எழுதியவர்கள்மேல் வழக்குத் தொடுத்தார்கள். தானே ஓடும் காரில் ஏறி ஒருவன் வங்கியைக் கொள்ளையடித்தால் காரை உருவாக்கியவரைப் பிடிக்கலாமா என்னும் விதமாக ஒப்பிட்டு, 2023 ஆகஸ்டில் நீதிபதி காதரின் போல்க் ஃபாய்லா வழக்கைத் தள்ளினார். 2025 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் மத்தியச் சட்டத்தைப் பொறுத்தவரை அதை ஏற்றது. மாநிலச் சட்டத்தின் கீழான வாதங்களை மட்டும் திருப்பி அனுப்பியது. சட்டத்தின் அளவில் இந்தத் தீர்ப்பில் நியாயம் இருக்கிறது. கத்தி செய்தவனைக் கொலைக்குப் பிடித்தால் கொல்லன் தொழில் நடக்காது.

ஆனால் இங்கே யாரும் இல்லை, நிரல் மட்டுமே இருக்கிறது என்ற பேச்சை நாம் முழுவதும் ஏற்பதற்கில்லை. 2021 ஜூலையில் யுனிஸ்வாப் நிறுவனம் தன் முகப்புப் பக்கத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட டோக்கன்களை நீக்கியது. அடியில் உள்ள நிரலில் அவை மாறிக்கொண்டுதான் இருந்தன. கடையின் முன்கதவை மட்டும் சாத்தினார்கள். சாத்த ஒரு கை இருந்தது. அதே ஆண்டு மே மாதம் வந்த மூன்றாம் பதிப்பு நிரலை எல்லாரும் படிக்கலாம், ஆனால் 2023 ஏப்ரல் வரை அதை எடுத்து வியாபாரத்திற்குப் பயன்படுத்தக்கூடாது என்று உரிமம் வைத்தார்கள். தன் உழைப்பைக் காக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு, குறை சொல்லவில்லை. உரிமை கோரும்போது ஆள் இருக்கிறார். குறை கேட்கும்போது மட்டும் ஆள் இல்லை என்பது எப்படிப் பொருந்தும்?

2025 ஜனவரி இறுதியில் நான்காம் பதிப்பு வந்திருக்கிறது. வெளியாவதற்கு முன் அதன் நிரலைத் தனித்தனியாக ஒன்பது தணிக்கைகளுக்கு உட்படுத்தினார்கள். பெரும் குறையைக் கண்டு சொல்பவருக்கு 1.55 கோடி டாலர் வரை பரிசு என்றும் அறிவித்தார்கள். குவியலுக்குள் கையை விட்டுப் பார்க்க வருமாறு ஊரையே அழைப்பது போன்றது இது. கண்டவன் திருடாமல் வந்து சொல்வதற்கு ஒரு வழியையும் அவனுக்குத் திறந்துவிடுகிறது. இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

இந்தப் பதிப்பில் புதிதாகச் சேர்ந்தது கொக்கி எனப்படும் வசதி. இருப்புத் தொடங்குகிறவர் தம் சொந்த நிரலை அதில் மாட்டி வைக்கலாம். மாற்று நடக்குமுன்பும் நடந்தபின்பும் அது குறுக்கிட்டுக் கட்டணத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், வேறு நிபந்தனை போடலாம். அந்த ஒன்பது தணிக்கைகளும் மூல நிரலுக்கு நடந்தவை. எவரோ நாளை எழுதப்போகும் கொக்கிக்கு அல்ல. ஆகவே பொருளை இறக்குமுன் கேட்க வேண்டியவை கூடிவிட்டன. இந்தக் கொக்கியை எழுதியவர் யார்? எழுதியபின் மாற்றும் அதிகாரத்தைத் தம்மிடம் வைத்திருக்கிறாரா? இதன் குறை ஏதும் அவருக்குத் தெரியுமா? ஒவ்வொரு கொக்கிக்கும் நாற்பது எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு முகவரி உண்டு. அந்த முகவரியின் கடைசிப் பகுதியைப் பார்த்தே அது எந்தெந்தக் கட்டத்தில் குறுக்கிடும் என்று சொல்லிவிடும்படி நுட்பமாக அமைத்திருக்கிறார்கள். எழுதியவர் பெயர் அதில் இல்லை.